சொற்கணக்கில் அசமன்பாடு: “குறைந்தது” என்றதும் < போட்டுவிடுகிறார்களே, என்ன செய்யலாம்?

#1 மாலைவகுப்பு

வணக்கம். ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் சிலருக்கு மாலையில் கணக்குச் சொல்லித் தருகிறேன். அசமன்பாட்டை, அதாவது எது பெரிது எது சிறிது என்று ஒப்பிடும் கணக்கை, குறிகளோடு எழுதிக் கொடுத்தால் மளமளவென்று தீர்த்துவிடுகிறார்கள். அதையே நான்கு வரி வாக்கியமாகக் கொடுத்தால் பேனா நகர மறுக்கிறது. நகர்ந்தாலும் குறி எதிர்ப்பக்கம் திரும்பி நிற்கிறது.

சென்ற வாரம் கொடுத்த மூன்று கணக்குகள் இவை.

(அ) ஒரு லிஃப்ட் அதிகபட்சம் 680 கிலோ தாங்கும். அதை இயக்குபவரின் எடை 72 கிலோ. பெட்டி ஒன்றின் எடை 35 கிலோ. அவரோடு சேர்த்து ஒரே நடையில் எத்தனை பெட்டிகள் வரை ஏற்றலாம்?

(ஆ) ஒரு மாணவி நான்கு தேர்வுகளில் 68, 74, 81, 59 பெற்றிருக்கிறாள். ஐந்து தேர்வுகளின் சராசரி குறைந்தது 75 ஆக இருக்க வேண்டுமானால் ஐந்தாவது தேர்வில் எவ்வளவு பெற வேண்டும்? ஒவ்வொரு தேர்வும் நூற்றுக்கு.

(இ) ஒரு தொட்டியில் 900 லிட்டர் தண்ணீர், நிமிடத்துக்கு 35 லிட்டர் வெளியேறுகிறது. மற்றொன்றில் 500 லிட்டர், நிமிடத்துக்கு 15 லிட்டர் வெளியேறுகிறது. இரண்டையும் ஒரே நேரத்தில் திறந்தால், முதல் தொட்டியில் இரண்டாவதைவிடக் குறைவான தண்ணீர் எப்போது இருக்கும்?

(ஆ)-வில் பாதிப் பேர் “குறைந்தது” என்ற சொல்லைக் கண்டதுமே < போட்டுவிட்டார்கள். (அ)-வில் 17.37 பெட்டிகள் என்று எழுதி, கீழே இரண்டு கோடும் போட்டு முடித்திருந்தார்கள். (இ)-யில் நிமிடங்களை ந என்று வைத்து எல்லோருக்கும் ஒரே விடை: ந > 20. விடைக் குறிப்பிலும் அதுதான் இருக்கிறது. ஒரு பையன் மட்டும் “தொட்டி காலியான பிறகு என்ன ஆகும்?” என்று கேட்டுவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

வாக்கியத்திலிருந்து குறிக்குப் போகும் அந்த ஓர் அடியை நீங்கள் எப்படிச் சொல்லித் தருகிறீர்கள்?

#2 சுவர்அட்டவணை

இதில் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. அட்டவணை கொடுங்கள், மனப்பாடம் செய்யச் சொல்லுங்கள். குறைந்தது, குறைந்தபட்சம், குறையாமல் என்றால் ≥. அதிகபட்சம், மிகாமல் என்றால் ≤. “விடக் குறைவு” என்றால் <. “விட அதிகம்” என்றால் >. பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். தினமும் கண்ணில் பட்டால் தானாகப் பழகிவிடும்.

#3 எண்கோடு

அட்டவணை நண்பரே, உங்கள் சுவருக்கு இரண்டு வாக்கியங்கள்:

“ஓர் எண்ணின் மும்மடங்கைவிட 4 குறைவு.”
“ஓர் எண்ணின் மும்மடங்கைவிடக் குறைவு.”

முதலாவது வெறும் கழித்தல்: 3க − 4. அதில் ஒப்பீடே இல்லை. இரண்டாவதுதான் ஒப்பீடு: ஏதோ ஒன்று < 3க. நடுவில் இருக்கும் ஓர் எண் எல்லாவற்றையும் மாற்றிவிடுகிறது. இப்போது இரண்டையும் சேர்த்து ஒரே கணக்காக்குகிறேன்: “ஓர் எண்ணின் மும்மடங்கைவிட 4 குறைவான மதிப்பு, அந்த எண்ணோடு 10 கூட்டினால் வருவதைவிடக் குறைவு.” இது 3க − 4 < க + 10, தீர்த்தால் க < 7. ஒரே வாக்கியத்தில் “குறைவு” இரண்டு முறை வருகிறது, இரண்டு வேலை செய்கிறது. உங்கள் அட்டவணை எந்தக் “குறைவு”க்கு எதைப் போடச் சொல்லும்?

இன்னொன்று: “ஐந்து பேருக்குக் குறைவாக வரக் கூடாது.” அட்டவணைப்படி <. பொருள்படி ≥.

நான் சொல்லித் தருவது வேறு. வாக்கியத்தில் எல்லையாக நிற்கும் எண்ணைக் கண்டுபிடி. அந்த எண்ணையே நிகழ்ந்ததாக வைத்துக்கொண்டு, இது சம்மதமா என்று வாக்கியத்தைக் கேள். பிறகு அதற்குச் சற்று மேலே ஓர் எண், சற்றுக் கீழே ஓர் எண். அவ்வளவுதான். (ஆ)-வை எடுத்துக்கொள்ளுங்கள். சராசரி மிகச் சரியாக 75 வந்தால் அந்த மாணவிக்குத் திருப்திதானே? ஆம், ஆகவே குறிக்குக் கீழே கோடு உண்டு. 76 வந்தால்? மகிழ்ச்சிதான். 74 வந்தால்? போதாது. ஆக, சராசரி ≥ 75. “குறைந்தது” என்ற சொல்லை நான் பார்க்கவே இல்லை. அந்தப் பெண் எதற்குச் சம்மதிப்பாள் என்று மட்டும்தான் பார்த்தேன்.

#4 சுவர்அட்டவணை

வகுப்பறையில் அழகாக இருக்கும். தேர்வில் மூன்று மூன்று எண்ணாக வைத்துச் சோதித்துக்கொண்டிருந்தால் மணி அடித்துவிடும்.

#5 எண்கோடு

மூன்று எண்களைத் தாளில் எழுத வேண்டியதில்லை. மனத்துக்குள் ஓடுவதற்கு மூச்சு விடும் நேரம் போதும். தவறான குறியோடு ஒரு பக்கம் நிரப்பிவிட்டுத் திரும்பி வருவதற்குத்தான் நேரம் பிடிக்கும்.

#6 சுண்ணக்கட்டி

(அ)-வைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் அந்த 17.37 என்னை வெகுகாலமாக உறுத்திக்கொண்டிருக்கும் விஷயம்.

72 + 35க ≤ 680, அதாவது 35க ≤ 608, ஆகவே க ≤ 17.37. இதுவரை செய்தது இயற்கணிதம். கேள்வி இன்னும் முடியவில்லை. கேட்டது பெட்டி, பெட்டியை 0.37 ஆக அறுத்து ஏற்ற முடியாது. க என்பது 0, 1, 2 என்று போகும் முழு எண் என்ற நிபந்தனை வாக்கியத்தில் எங்கும் அச்சிடப்படவில்லை, “பெட்டி” என்ற சொல்லுக்குள் ஒளிந்திருக்கிறது. 17 பெட்டி ஏற்றினால் 72 + 595 = 667; இன்னும் 13 கிலோவுக்கு இடம் இருக்கிறது. 18 ஏற்றினால் 702, லிஃப்ட் நகராது. விடை 17.

அடுத்த நாளே இதைக் கொடுத்துப் பாருங்கள்: 215 பேர் பயணம் போக வேண்டும், ஒரு பஸ்ஸில் 48 இருக்கைகள், குறைந்தது எத்தனை பஸ் வேண்டும்? 48க ≥ 215, க ≥ 4.479... என்று வரும். பாதி வகுப்பு 4 என்று எழுதும். காரணம் கேட்டால் “.479 என்பது .5-க்குக் கீழே, ஆகவே கீழே முழுதாக்க வேண்டும்” என்பார்கள். நான்கு பஸ்ஸில் 192 பேர்தான் அமர முடியும். 23 பேர் சாலையோரம் நிற்பார்கள். விடை 5.

தசமப் பகுதி அரைக்கு மேலா கீழா என்ற கேள்விக்கே இங்கே வேலை இல்லை. ≤ வந்தால் கீழே இறங்கு, ≥ வந்தால் மேலே ஏறு என்று நான் விதியாகச் சொல்வதும் இல்லை. பக்கத்தில் இருக்கும் இரண்டு முழு எண்களையும் முதல் வாக்கியத்தில் போட்டுப் பார், எது தாங்குகிறதோ அதை எடு. விதியை மறந்தாலும் இது கைவிடாது.

#7 பதினொன்றுஆ

நான் மாணவன். ஒரு சந்தேகம் ஐயா. எல்லாக் கணக்கிலும் சமக்குறி போட்டுத் தீர்த்துவிட்டு, கடைசியில் எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொண்டால் போதாதா? எதற்கு ஒவ்வொரு வரியிலும் < > தூக்கிக்கொண்டு போக வேண்டும்? எங்கள் வகுப்பில் இப்படிச் செய்தால் மதிப்பெண் குறைக்கிறார்கள்.

#8 எண்கோடு

தம்பி, உங்கள் வழி தவறே இல்லை. சமக்குறி போட்டுத் தீர்த்தால் எண்கோடு எங்கே வெட்டுப்படுகிறது என்று தெரிந்துவிடும். (அ)-வில் அது 17.37. அதற்கு இடப்பக்கம் ஓர் எண்ணை எடுத்துச் சோதியுங்கள். 0 இருக்க வேறு எண் எதற்கு? 72 ≤ 680, உண்மை. ஆகவே இடப்பக்கம் முழுவதும் தீர்வு. ஒருபடி அசமன்பாடு எதற்கும் இது பொருந்தும்.

சிக்கல் வருவது மாறி கீழே இறங்கும்போது. 6/க > 2 என்பதில் சமக்குறி போட்டால் க = 3. க = 1 சோதித்தால் 6 > 2, உண்மை. க = 4 சோதித்தால் 1.5 > 2, பொய். “ஆக க < 3” என்று எழுதிவிட்டு எழுந்துவிடுவோம். க = −1 போட்டுப் பாருங்கள்: −6 > 2. பொய்! எண்கோடு 3-இல் மட்டும் வெட்டுப்படவில்லை. பின்னத்தின் கீழ் எண் பூஜ்ஜியமாகும் இடத்திலும் வெட்டுப்பட்டிருக்கிறது. தீர்வு 0 < க < 3.

இதுவே “6 மீட்டர் நூலை க சம துண்டுகளாக வெட்டினால் ஒவ்வொரு துண்டும் 2 மீட்டருக்கு மேல் இருக்கும்” என்று வந்தால் க மிகை முழு எண் என்பது தெரிந்ததே. விடை 1 அல்லது 2. வாக்கியம் உங்களைக் காப்பாற்றியது, வழிமுறை அல்ல.

மதிப்பெண் குறைப்பது பற்றி: சோதித்த எண்ணையும் தாளில் எழுதுங்கள். எழுதாமல் கடைசி வரியில் மட்டும் ≤ திடீரென்று முளைத்தால் திருத்துபவர் என்ன செய்வார் பாவம்.

இன்னொரு கோணமும் உண்டு. உலகம் கேட்பது பெரும்பாலும் “இவ்வளவாவது”, “இவ்வளவுக்குள்” என்றுதான்; “மிகச் சரியாக இவ்வளவு” என்று கேட்பது அரிது. பொருளியலாளர் ஜார்ஜ் ஸ்டிக்லர் 1945-இல் வெளியிட்ட உணவுக் கணக்கு இதற்குப் பேர்போனது: 77 உணவுப் பொருள்கள், 9 சத்துகள், ஒவ்வொரு சத்தும் குறைந்தது இவ்வளவு இருக்க வேண்டும், மொத்தச் செலவு மிகக் குறைவாக இருக்க வேண்டும். எல்லாச் சத்தும் அளவோடு மிகச் சரியாகப் பொருந்த வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. ஒன்றில் சற்று மிஞ்சினால் யாருக்கும் நட்டமில்லை. இப்படிப்பட்ட கணக்குகளைத் தீர்க்க ஜார்ஜ் டான்ட்சிக் 1947-இல் உருவாக்கிய சிம்ப்ளெக்ஸ் முறையைப் பரிசோதிக்க இந்தக் கணக்கைத்தான் எடுத்தார்கள். கையால் இயக்கும் மேசைக் கணக்கிடும் கருவிகளை வைத்துக்கொண்டு ஏறக்குறைய 120 ஆள்நாள் உழைப்பு அதற்குத் தேவைப்பட்டது.

#9 கெழு

குறி திரும்பும் இடத்தை யாரும் தொடவில்லையே. சொற்கணக்கில் அது பெரும்பாலும் “குறைந்துகொண்டே போகும்” பொருள்களில் வரும்.

900 லிட்டர் தொட்டியையே எடுத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 35 லிட்டர் போகிறது. தண்ணீர் 200 லிட்டருக்குக் கீழே இறங்கக் கூடாது. எத்தனை நிமிடம் வரை திறந்து வைக்கலாம்?

900 − 35ந ≥ 200
−35ந ≥ −700

இங்கேதான் எல்லோரும் கால் தடுக்கி விழுகிறார்கள். −35-ஆல் வகுத்து ந ≥ 20 என்று எழுதினால், 20 நிமிடத்துக்குப் பிறகு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் திறந்து வைக்கலாம் என்று பொருள். நேர்மாறு. ந ≤ 20 தான் விடை.

ஏன் திரும்புகிறது? 3 < 5 என்பதில் இருபுறமும் 3-ஐயும் 5-ஐயும் கழியுங்கள். இடப்பக்கம் −5, வலப்பக்கம் −3. அதாவது −5 < −3. நாம் எதையும் பெருக்கவே இல்லை; கழித்தோம், குறி அப்படியேதான் இருக்கிறது. இடம் மாறியவை எண்கள். அதைத் திருப்பிப் படித்தால் −3 > −5. குறை எண்ணால் பெருக்கினால் குறி திரும்பும் என்பது தனி விதி அல்ல, இதன் சுருக்கம்தான்.

என் வகுப்பில் இன்னும் எளிய வழி ஒன்று உண்டு. கழித்தலைக் கண்டால் உடனே அதை மறுபக்கம் அனுப்பிவிடுங்கள்: 900 ≥ 200 + 35ந. இதற்குப் பொருளும் சொல்லலாம்: இருப்பு 900, அதிலிருந்து போவதும் கடைசியில் மிஞ்ச வேண்டிய 200-உம் சேர்ந்து இருப்பைத் தாண்டக் கூடாது. பிறகு 700 ≥ 35ந, 20 ≥ ந. குறி திரும்பவே இல்லை, திரும்ப வேண்டிய தேவையும் வரவில்லை. 20 ≥ ந என்பதை ந ≤ 20 என்று எழுதப் பழக்குவதில்தான் சற்றுப் பாடுபட வேண்டும். கூர்முனை எப்போதும் சிறியதைக் குத்தும் என்றால் புரிந்துகொள்கிறார்கள்.

#10 சுவர்அட்டவணை

குறை எண்ணால் பெருக்கினால், வகுத்தால் திருப்பு. ஒரு வரி. இதற்கு இவ்வளவு பெரிய பதிவா?

#11 கெழு

அந்த ஒரு வரியை மனப்பாடம் செய்தவர்கள்தான் −7-ஐக் கூட்டும்போதும் திருப்பிவிடுகிறார்கள்.

#12 வெண்பலகை

(ஆ) ஓர் அருமையான கணக்கு, ஆனால் அதை ஒரே கேள்வியோடு விட்டுவிடாதீர்கள். நான்கு மதிப்பெண்களின் கூட்டுத்தொகை 282. சராசரி 75 வேண்டுமென்றால் 282 + க ≥ 375, க ≥ 93. இங்கே நிறுத்துபவர்கள் 100 என்ற கூரையை மறக்கிறார்கள். தேர்வு நூற்றுக்கு, ஆகவே 93 ≤ க ≤ 100.

இப்போது இலக்கை மட்டும் மாற்றுங்கள். சராசரி குறைந்தது 80 வேண்டும் என்றால் க ≥ 118. கணக்கில் பிழை இல்லை. ஆனால் நூற்றுக்கு நூறு வாங்கினாலும் போதாது. இயலாது என்பதே விடை. மாணவர்கள் 118 என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள். சராசரி குறைந்தது 55 என்று மாற்றினால் க ≥ −7. உடனே “எங்கோ தப்பு செய்துவிட்டோம்” என்று எல்லாவற்றையும் அழிக்கத் தொடங்குவார்கள். தப்பே இல்லை. பூஜ்ஜியம் வாங்கினாலும் இலக்கு கைக்குள் இருக்கிறது என்று அந்தக் குறை எண் சொல்கிறது. விடை 0 முதல் 100 வரை எந்த மதிப்பெண்ணும்.

ஒரே அசமன்பாடு, மூன்று வெவ்வேறு பதில்கள்: சில மதிப்புகள், எதுவும் இல்லை, எல்லாமே. சமன்பாட்டுக் கணக்கில் பழகியவர்களுக்கு விடை என்றால் ஓர் எண். “எல்லாமே” என்பது விடையாகத் தோன்றுவதே இல்லை.

#13 மாலைவகுப்பு

55 என்று மாற்றும் யோசனை பிடித்திருக்கிறது, நாளையே கொடுக்கிறேன். (இ)-யைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லையே? அந்தப் பையன் மீண்டும் கேட்பான்.

#14 கடிகாரமுள்

அந்தப் பையன் சரியான இடத்தில்தான் கை வைத்திருக்கிறான்.

விடைக் குறிப்பின் வழி: 900 − 35ந < 500 − 15ந, அதாவது 400 < 20ந, ந > 20. இருபதாவது நிமிடத்தில் இரண்டிலும் 200 லிட்டர். அதன் பிறகு முதலாவது பின்தங்குகிறது. இதுவரை சரி.

இப்போது ந = 30 போடுங்கள். இடப்பக்கம் 900 − 1050 = −150. வலப்பக்கம் 50. −150 < 50 உண்மைதான், ஆனால் எந்தத் தொட்டியில் −150 லிட்டர் தண்ணீர் இருக்கும்? முதல் தொட்டி 900/35, அதாவது 25 5/7 நிமிடத்திலேயே காலி. அதற்குப் பிறகு அதில் இருப்பது 0. 900 − 35ந என்ற கோவைக்கு அங்கே வேலை இல்லை. 30-ஆம் நிமிடத்தில் 0 < 50. முடிவு தற்செயலாக ஒத்துப்போகிறது.

ந = 40 போட்டால் அந்தத் தற்செயலும் கைவிடுகிறது. அசமன்பாடு −500 < −100 என்கிறது, உண்மை என்கிறது. நேரில் போய்ப் பார்த்தால் இரண்டு தொட்டியும் காய்ந்து கிடக்கின்றன. 0 < 0 பொய். இரண்டாவது தொட்டி 500/15, அதாவது 33 1/3 நிமிடத்தில் காலியாகிறது. அந்தக் கணத்திலிருந்து இரண்டும் சமம். ஆகவே உண்மையான விடை 20 < ந < 33 1/3.

விடைக் குறிப்பு முடிவில்லாத காலத்தைத் தந்துவிட்டது. உண்மையில் கிடைப்பது பதின்மூன்று நிமிடமும் 20 விநாடியும் கொண்ட ஓர் இடைவெளி.

#15 சுவர்அட்டவணை

கேள்வியில் கேட்காததை எல்லாம் இழுத்துவந்து பிள்ளைகளைக் குழப்புகிறீர்கள். புத்தகம் எதிர்பார்ப்பது ந > 20. அதை எழுதினால் முழு மதிப்பெண்.

#16 கடிகாரமுள்

கேட்காததை நான் இழுத்துவரவில்லை ஐயா. “எப்போது இருக்கும்” என்று கேட்டிருக்கிறது. 40-ஆவது நிமிடத்தில் இருக்காது. இதைச் சொன்னால் குழப்பம் என்கிறீர்கள். சொல்லாவிட்டால் அந்தப் பையன் கணக்கு வேறு, தண்ணீர் வேறு என்று முடிவு கட்டிவிடுவான். எனக்குப் பயம் அதுதான்.

#17 குளிர்பெட்டி

நான் ஆசிரியர் இல்லை. தடுப்பூசி சேமிக்கும் கிடங்கு ஒன்றில் வேலை. இந்த இழையைப் படித்ததும் எழுதத் தோன்றியது. பெரும்பாலான தடுப்பூசிகளை 2 டிகிரி செல்சியஸ் முதல் 8 டிகிரி வரை வைத்திருக்க வேண்டும். 2 ≤ க ≤ 8. எளிது. ஆனால் எச்சரிக்கை மணி அடிக்க வேண்டிய நிபந்தனையை எழுதச் சொன்னால் புதிதாக வருபவர்கள் 2 > க > 8 என்று எழுதுகிறார்கள். அதைப் படித்தால் 2 என்பது 8-ஐவிடப் பெரிது என்று வருகிறது! அப்படி ஓர் எண்ணே கிடையாது. மணி ஒருநாளும் அடிக்காது, மருந்து கெட்டாலும். எழுத வேண்டியது: க < 2 அல்லது க > 8. இரண்டு துண்டுகள், நடுவில் “அல்லது”.

|க − 5| ≤ 3 என்று எழுதுபவர்களும் உண்டு. நடுப்புள்ளி 5, அதிலிருந்து 3 டிகிரிக்கு மேல் விலகாதே என்று பொருள். எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது. மணி அடிக்க |க − 5| > 3, முடிந்தது.

ஃபாரன்ஹீட் காட்டும் கருவி வந்தால் 1.8-ஆல் பெருக்கி 32 கூட்ட வேண்டும்: 35.6 முதல் 46.4 வரை. முழு எண்ணாக்கும்போது கீழ் எல்லையை மேலே ஏற்ற வேண்டும், மேல் எல்லையைக் கீழே இறக்க வேண்டும். 36 முதல் 46. சுண்ணக்கட்டி சொன்னதுபோல, இங்கேயும் “அரைக்கு மேலா கீழா” என்று பார்க்கக் கூடாது.

#18 பழையகாகிதம்

இடையே ஒரு சின்னச் செய்தி, தலைப்பிலிருந்து சற்று விலகல்தான். சமக்குறி ராபர்ட் ரெக்கார்டின் நூலில் 1557-இல் அச்சேறியது. <, > இரண்டும் தாமஸ் ஹாரியட்டின் நூலில் 1631-இல் வந்தன, அதுவும் அவர் இறந்து பத்து ஆண்டுகள் கழித்து. “சமமாகவும் இருக்கலாம்” என்பதற்கு ஜான் வாலிஸ் 1670-இல் குறிக்கு மேலே ஒரு கோடு போட்டார். பியர் பூகேர் 1734-இல் குறிக்குக் கீழே இரட்டைக் கோடு போட்டார். பிள்ளைகள் விட்டுவிடும் அந்தக் கோட்டைக் கணித உலகமே மெதுவாகத்தான் வந்து சேர்ந்தது என்று அவர்களுக்கு ஆறுதல் சொல்லலாம். மதிப்பெண் கொடுக்க வேண்டாம்.

#19 பதினொன்றுஆ

இன்னொரு கேள்வி. ஒரு வண்டி போகும்போது மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் போகிறது. அதே வழியில் திரும்புகிறது. மொத்தப் பயணத்தின் சராசரி வேகம் குறைந்தது 60 ஆக இருக்க, திரும்பும் வேகம் என்ன? பார்த்தவுடன் 80 என்றுதான் தோன்றுகிறது. விடைக் குறிப்பு 120 என்கிறது. அப்படியென்றால் சராசரி 80 வேண்டுமானால் எவ்வளவு?

#20 கெழு

நல்ல கேள்வி. தூரம் த, திரும்பும் வேகம் வ என்று வையுங்கள். போக த/40 மணி, வர த/வ மணி. சராசரியைப் பின்னத்துக்குமேல் பின்னமாக எழுதித் தலைவலி வாங்காமல், இப்படி எழுதுங்கள்: மொத்தத் தூரம், 60 × மொத்த நேரத்துக்குக் குறையக் கூடாது.

2த ≥ 60(த/40 + த/வ)

த மிகை எண். வகுத்துவிடலாம், குறி அசையாது. 2 ≥ 1.5 + 60/வ. ஆகவே 0.5 ≥ 60/வ. வ-வும் மிகை எண், பெருக்கலாம். வ ≥ 120. இருமுறையும் “மிகை எண்” என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் செய்ய வேண்டும். எண்கோடு காட்டிய 6/க பள்ளம் இங்கேயும் இருக்கிறது.

80 என்று தோன்றியதற்குக் காரணம், 40-க்கும் 80-க்கும் நடுவில் 60 இருப்பது. ஆனால் மெதுவாகப் போன பாதிக்கு நேரம் அதிகம் பிடிக்கிறது, அதனால் சராசரி அந்தப் பக்கம் இழுபடுகிறது.

சராசரி 80 வேண்டுமென்றால் 2 ≥ 2 + 80/வ, அதாவது 0 ≥ 80/வ. எந்த வேகத்துக்கும் இது நடக்காது. ஒரு வழித் தூரம் 120 கி.மீ. என்று வைத்துப் பாருங்கள். போகவே 3 மணி நேரம் ஆகிவிட்டது. 240 கி.மீ.-ஐச் சராசரி 80-இல் முடிக்க மொத்தமே 3 மணி நேரம்தான். திரும்பத் தொடங்கும்போதே கையிலிருந்த நேரம் தீர்ந்துவிட்டது. ராக்கெட்டில் வந்தாலும் பயனில்லை.

#21 மாலைவகுப்பு

(இ)-யை இப்படி மாற்றி எழுதியிருக்கிறேன்: “இரண்டு தொட்டிகளிலும் தண்ணீர் இருக்கும் காலத்துக்குள், முதலாவதில் இரண்டாவதைவிடக் குறைவாக இருப்பது எப்போது?” விடை 20 < ந < 25 5/7. வலப்பக்கம் சமக்குறி வேண்டுமா?

#22 கடிகாரமுள்

வேண்டாம். 25 5/7-இல் முதல் தொட்டி வறண்டுவிட்டது, “தண்ணீர் இருக்கும் காலம்” அதற்கு முன்பே முடிந்தது. இடப்பக்கமும் வேண்டாம், 20-இல் இரண்டும் சமம். ஆனால் பழைய வடிவத்தையும் அந்தப் பையனுக்கு மட்டும் கொடுங்கள்.

#23 எண்கோடு

அட்டவணை நண்பருக்காக ஒரு கணக்கு. “சுற்றளவு 30 செ.மீ. உள்ள இருசமபக்க முக்கோணங்களில், எல்லாப் பக்கங்களும் முழு எண் செ.மீ. ஆக அமைபவை எத்தனை?” இதில் குறைந்தது இல்லை, மிகாமல் இல்லை, விட இல்லை. அசமன்பாடு இருக்கிறது.

#24 சுவர்அட்டவணை

இது வடிவியல். என் அட்டவணை சுவரிலேயே இருக்கும்.

#25 பதினொன்றுஆ

நான் செய்கிறேன். சம பக்கம் க என்றால் மூன்றாவது பக்கம் 30 − 2க. அது பூஜ்ஜியத்துக்கு மேல் இருக்க வேண்டும், ஆகவே க < 15. 1 முதல் 14 வரை, பதினான்கு முக்கோணங்கள்.

#26 வெண்பலகை

க = 5 எடுத்து வரைந்து பாருங்கள். பக்கங்கள் 5, 5, 20.

#27 பதினொன்றுஆ

சேராது! 5-உம் 5-உம் 20-ஐ எட்டவே எட்டாது. அப்படியானால் இரண்டு சம பக்கங்களின் கூட்டுத்தொகை மூன்றாவதைவிடப் பெரிதாக இருக்க வேண்டும்: 2க > 30 − 2க, க > 7.5. சமமானால் முக்கோணம் படுத்துக் கோடாகிவிடும், ஆகவே கீழ்க்கோடு இல்லை. 7.5 < க < 15. முழு எண்கள் 8 முதல் 14 வரை. 8, 8, 14-இல் தொடங்கி 14, 14, 2-இல் முடிகிறது. ஆனால் நடுவில் 10, 10, 10 வருகிறதே, அது சமபக்க முக்கோணம் ஆயிற்றே? அதைச் சேர்க்கலாமா, அல்லது ஆறுதானா?

#28 எண்கோடு

குறைந்தது இரண்டு பக்கங்கள் சமமாக இருந்தால் இருசமபக்க முக்கோணம். மூன்றும் சமமானால் அந்த நிபந்தனை கெடவில்லை. ஏழு.